நடுச்சுவர்

பூர்வீகத் தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறேன். முற்றத்தின் நடுச்சுவரை மேஸ்திரி நனைத்துச் சுரண்டியதும் ஈரமண் வாசம் எழுந்தது.

அந்தச் சுவர் எழும்பிய நாளும் இதே வாசம்தான். பங்கு பிரித்துக்கொண்ட அப்பாவும் பெரியப்பாவும் எதிரெதிரே நின்று, கொத்தனார் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"நூலு எம்பக்கம் சாயுதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க!" என்றார் அப்பா, சுவருக்கு நேர்பார்க்கக் கட்டிய நூலைக் காட்டி.

அம்மா மட்டும் கழுத்தளவுச் சுவருக்கு மேலே பெரியம்மாவிடம் மோர்ச்செம்பை நீட்டினாள். "வாங்கிக்குங்கக்கா. நாளைக்கு எட்டாதுங்க."

இப்போது அந்தச் சுவரை இடிக்க, மறுபாதியில் இருக்கும் பெரியப்பா மகனின் சம்மதம் வேண்டும். நகராட்சி வேலையில் ஊருக்கே நடைமுறை சொன்னவன் நான். அண்ணனிடம் கேட்க மட்டும் ஒரு வாரமாக வாசல்வரை போய்த் திரும்பினேன். இன்று கேட்டுவிட்டேன்.

அண்ணன் வாய்திறக்குமுன், உள்ளே படுத்திருந்த பெரியம்மாவின் குரல் வந்தது.

"இடிச்சுப்போடு கண்ணு. இதையக் கேக்க இத்தன வருசமா உனக்கு?"