மச்சாளின் தூளும் நான் மாற்றிய ஃபில்டரும்

ரொறன்ரோவுக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தவை ஐந்தாம் வகுப்புப் படிப்பும், யாரோ போட்டுக் கழித்த ஒரு கோட்டும்தான். சென் ஜேம்ஸ் ரவுணில் கால் நீட்ட இடமில்லாத ஓர் அறையில் பலரோடு படுத்து எழும்பி, பகலில் கோப்பை கழுவி, மாலையில் ஒரு போர்த்துக்கேயருக்குப் பின்னால் தகரம் சுமந்து, வீடுகளுக்குச் சூடேற்றும் ஃபேர்னஸ் வேலையைப் பழகினேன். ஆங்கிலம் அரைகுறையாக இருக்கும்போதே பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தேன். தோற்றுத் தோற்றுத்தான் எடுத்தேன், ஆனால் எடுத்தேன். வோபர்னில் சொந்தக் கடை போட்டேன். என் பெயர் எழுதிய வான் வண்டிகள் ஸ்காபரோ முழுவதும் ஓடின. ஒரு கோயிலுக்கும் இரண்டு கல்யாண மண்டபங்களுக்கும் சூடு கொடுத்தவன் நான். பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தேன். இவற்றில் எதையும் எவரும் எனக்குத் தூக்கித் தரவில்லை.

இதையெல்லாம் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை, பெருமைக்காகவும்தான். ஆனால் நான் செய்தவற்றில் எவரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. அது மல்வேர்னில் ஒரு வீட்டில், மட்டைச் சட்டம் போட்ட ஒரு சாதாரண ஃபில்டரை மாற்றியது.

இந்த நாட்டு வீடுகளில் ஃபேர்னஸ் நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் இருக்கும். வீட்டிலுள்ள காற்றை ஒரு பக்கத்தால் இழுத்து, சூடாக்கி, தகரக் குழாய்களால் எல்லா அறைகளுக்கும் திருப்பி அனுப்பும். இழுக்கிற வாயில் ஃபில்டர் நிற்கும். தூசியும் தலைமயிரும் அதில் தங்கும். பழையதை இழுத்து எடுத்து, புதியதிலுள்ள அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்க்கும்படி உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. இதற்குப் படிப்புத் தேவையில்லை, நினைவு இருந்தால் போதும். அந்த நினைவு சனத்துக்கு இல்லாதபடியால்தான் நான் வீடு வாங்கினேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் முகம் பார்க்காவிட்டாலும், கதவைப் பூட்டிக்கொண்டாலும், இழுப்பது ஒரே காற்றைத்தான். வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் வரும் சண்டைகளில் பாதி அந்தக் குழாய்களுக்குள்ளால்தான் வருகின்றன.

மச்சாள் என் மனைவியின் மூத்த சகோதரி. கணவனைப் போரில் பறிகொடுத்துவிட்டு இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தவர். மல்வேர்னில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் பேஸ்மென்றில் குடியிருந்தார். மேலே வீட்டுக்கார அண்ணையும் மனைவியும் கைக்குழந்தையும். மச்சாள் மாலையில் பிளாஸ்ரிக் கொம்பனிக்கு வேலைக்குப் போவார். காலையில் செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்து, ஒரு கடையில் கொடுத்து அரைப்பித்து, யாழ்ப்பாணத்துக் கறித்தூளாக விற்பார். மிளகாய் கறுக்கவும் கூடாது, பச்சை மணமும் நிற்கக்கூடாது. அந்தப் பதம் அவருடைய கைக்குத்தான் தெரியும், அதை நான் மறுக்கமாட்டேன். தூள் இல்லாவிட்டால் வாடகை இல்லை. அந்தப் பேஸ்மென்ற் இல்லாவிட்டால் வறுக்க இடமில்லை. மிளகாய் வறுக்கிற ஆளுக்கு வேறு யார் வீடு கொடுக்கப் போகிறார்கள்?

எங்களுக்குள் பெரிய ஒட்டு இருந்ததென்று சொல்லமுடியாது. அவரும் என்னைப் போலவே தன்னைப் பற்றி உயர்வாக நினைப்பவர். அப்படியான இரண்டு பேர் ஒரு குடும்பத்துக்கு அதிகம்.

கோடையில் யன்னல்களைத் திறந்துவிட்டு வறுத்தார், பிரச்சினை இருக்கவில்லை. குளிர் வந்து யன்னல்கள் மூடப்பட்டதும் ஃபேர்னஸ் மிளகாய் நெடியை இழுத்து மேல் அறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் இருமியது. வீட்டுக்கார அண்ணை இரண்டு தரம் இறங்கி வந்து சத்தம் போட்டிருக்கிறார். மச்சாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தேங்காய்ப்பாலைச் சீலைத் துணியால் வடிக்கலாமென்றால் புகையை ஏன் வடிக்க முடியாது? பழைய நூல்சீலை ஒன்றைப் பல மடிப்பாக மடித்து, ஃபில்டரைச் சுற்றிக் கட்டி, இருந்த இடத்திலேயே செருகிவிட்டார். எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவருக்கும் இந்த யோசனை வந்திராது.

தை மாதக் குளிரில் ஒரு காலை வீட்டுக்கார அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, வீடு ஐஸ்பெட்டியாக் கிடக்கு. உங்கடை மச்சாள் இவ்வளவு நாளும் மிளகாயாலை கொல்லப் பாத்தவ. இப்ப குளிராலை கொல்லுறா. வந்து பாருங்கோ."

நான் போனபோது அவர் வெளியே போகிற தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு பேஸ்மென்ற் படிக்கட்டில் நின்றார். மனைவி குழந்தையைப் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு மேற்படியில் நின்றார். மச்சாள் கம்பளித் தொப்பியோடு அடுப்படியில், கையில் அகப்பையோடு நின்றார்.

"மாசக் கடைசியோடை உவ வெளிக்கிட வேணும்," என்றார் அண்ணை. "எனக்கு வாடகையும் வேண்டாம், தும்மலும் வேண்டாம்."

"தும்மினா நூறு வயசெண்டு சொல்லுவினம்," என்றார் மச்சாள்.

"எங்களுக்குக் குடுத்தது காணாதெண்டு பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நூறு குடுக்கிறியள்."

நான் ஃபேர்னஸின் பக்கத்துக் கதவைக் கழற்றி ஃபில்டரை இழுத்தேன். லேசில் வரவில்லை. வந்தபோது செங்கல் நிறத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பொட்டலம் வந்தது. சீலையின் கரை மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

வீட்டுக்கார அண்ணை குனிந்து பார்த்தார். "உதென்ன, ஃபேர்னஸுக்குச் சீலை உடுத்தி விட்டிருக்கிறியளோ?"

"நெடி மேலை போகக்கூடாதெண்டு கட்டினனான்," என்றார் மச்சாள். "உங்கடை பிள்ளைக்காகத்தான்."

"மூக்கைப் பொத்திப்போட்டு ஓடச் சொன்னா ஆர் ஓடுவினம்?" என்றேன் நான். காற்று கிடைக்காமல் ஃபேர்னஸ் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றிருக்கிறது. வண்டியிலிருந்து புதிய ஃபில்டரைக் கொண்டுவந்து போட்டேன். ஃபேர்னஸில் நெருப்புப் பற்றியது. காற்றாடி சுற்றியது. சிறிது நேரத்தில் குழாய்கள் சூட்டில் டக் டக்கென்று நெளிந்தன. மேலே குழந்தையின் அழுகை நின்றது.

சூடு வந்தது, ஆனால் அண்ணையின் சொல் மாறவில்லை. மாதக் கடைசி மாதக் கடைசிதான் என்றார். அந்த இடத்தில் மச்சாள் ஒருதரம் பணிந்து பேசியிருந்தால் மனுசன் இரங்கியிருக்கக்கூடும். மச்சாளோ வறுக்கிற தாச்சியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "போறன். போற இடத்திலையும் வறுப்பன்," என்றார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கட்டிலில் அவர்களுடைய போர்வைகள் மடித்துக் கிடந்தன. எங்கே போவதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் வீட்டில் அப்போது ஓர் ஆள் கூடப் படுக்க இடமில்லை.

அப்போதுதான் நான் இடையில் புகுந்தேன்.

"அண்ணை, நேற்று உங்கடை வீட்டிலை என்ன கறி?"

"அதேன் உமக்கு? மீன்."

"ஆருடைய தூள் போட்டது?"

மேற்படியிலிருந்து அண்ணையின் மனைவிதான் பதில் சொன்னார். "வேறை தூள் போட்டா உவர் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைக்கிறார், தம்பி. அதையும் கேளுங்கோ."

"நெடி மேலை வராமல் நான் செய்து தாறன்," என்றேன். "வந்தா நீங்கள் உவவோடை கதைக்க வேண்டாம். என்னட்டை வாங்கோ."

அந்தக் கிழமையே செய்தேன். பேஸ்மென்றில் காற்றை இழுக்கிற துவாரத்துக்குத் தகரத்தில் ஒரு மூடி, கீல் வைத்து. யன்னலில் வெளியே தள்ளுகிற காற்றாடி ஒன்று, அதற்கு அடுப்புக்கு மேலே வரை ஒரு குழாய். மச்சாளுக்கு ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தேன். வறுக்க முன் ஃபேர்னஸ் சுவிச்சை நிறுத்து, மூடியைப் போடு, காற்றாடியை விடு, எதிர்ப்பக்க யன்னலைக் கொஞ்சம் திற. அந்த யன்னல் விசயத்தில் அவரோடு சண்டை பிடித்தேன், குளிர் வருமென்று அவர் மாட்டேன் என்றபடியால். வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளே காற்று வராவிட்டால், சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைக்குழாயால் நஞ்சுக்காற்று வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணம் இல்லை. ஆளைச் சத்தமில்லாமல் முடித்துவிடும். இதைச் சொன்னபிறகுதான் யன்னலைத் திறந்தார்.

அடுத்த நாள் பரீட்சை. வீட்டுக்கார அண்ணை மேலே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தார். கீழே மச்சாள் ஒரு தாச்சி செத்தல் மிளகாயை வறுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது, ஆனால் மேலே எழும்பிய புகை குழாய்க்குள் போவது தெரிந்தது. கடைசியில் அண்ணை படியிறங்கி வந்தார். பொறுமை இழந்த முகம்.

"இன்னும் தொடங்கேல்லையோ?" என்று கேட்டார்.

மச்சாள் தாச்சியைத் தூக்கிக் காட்டினார். மிளகாய் வறுபட்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பி மேலே போனார். மாதக் கடைசி வந்தது, போனது. வீட்டை விட்டு எழும்பச் சொன்ன கதையை அதன் பிறகு எவரும் எடுக்கவில்லை.

மூடியைப் போட்டாலும் தூள் மண்டிய வீட்டில் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். ஆகவே ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நானே போய் மாற்றினேன், அவர் அங்கே இருந்த காலம் முழுவதும். ஒவ்வொரு முறையும் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "தம்பி, அம்பு சரியாத்தானே நிக்குது?" என்று கேட்பார். அதுதான் என் தொழில் என்று ஒருமுறை சினந்தேன். "தெரியும். கேட்டா என்ன குறைஞ்சு போவீரோ?" என்றார். நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நான் போகும்போது என் பையில் ஒரு பொதி தூள் இருக்கும். அவர் வைத்ததை நான் கண்டதுமில்லை.

அந்தத் தூள் பிறகு பெரிய கட்டடத்துக்குப் போனது, இயந்திரங்கள் வந்தன, ஐரோப்பா வரை போகிறது. இப்போது வறுப்பது பெரிய உருளைகளில். மேலே மண்டபம் போன்ற காற்றுப்போக்கிகள், அவற்றின் ஃபில்டர்களை மாற்றச் சீருடை போட்ட ஆட்கள். மகள்மார் இருவரும் திறமாக நடத்துகிறார்கள். மச்சாள் போன மாதம் காலமானார்.

எங்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். மூத்த மகள் வாழ்க்கை வரலாற்றை எழுதி, பிழை பார்க்கும்படி என் ஃபோனுக்கு அனுப்பினாள். எழுத்துப் பிழை பார்க்க என்னால் ஆகாது. ஆனால் ஒரு வசனத்தில் நின்றுவிட்டேன். "எவருடைய உதவியுமின்றி மல்வேர்ன் பேஸ்மென்றில் தன் தொழிலைக் கட்டியெழுப்பினார்." நன்றி சொல்லும் பக்கத்தில் ஐயர் இருக்கிறார், வங்கி முகாமையாளர் இருக்கிறார், தூள் பெட்டி அச்சடித்தவர் கூட இருக்கிறார்.

உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"சித்தப்பா, அது ஜஸ்ற் ஒரு வசனம்," என்றாள். "அம்மாவின்ரை புத்தகத்திலை ஃபில்டர் மாத்தின கதையெல்லாம் போடேலுமோ?"

போடலாம், மகளே. கைப்பதம் உன் தாயுடையது. யாருக்கும் பணியாத அந்த நெஞ்சு உன் தாயுடையது. நித்திரை முழித்ததும் அவர்தான். இவற்றில் ஒரு துளியையும் நான் எனக்கென்று கேட்கவில்லை. ஆனால் அந்தத் தை மாதம் நீங்கள் மூன்று பேரும் தாச்சியோடு தெருவில் நின்றிருப்பீர்கள். நிற்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் நான். மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. "எவருடைய உதவியுமின்றி" என்ற இரண்டு சொற்களையும் வெட்டு. அந்த இடத்தில் என் பெயரைப் போடு, தகப்பன் பெயரோடு, முழுதாக.