மருந்து போட்ட புத்தகங்கள்

1993 நவம்பரில் காளிச்சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. குழந்தைகளின் பழைய புத்தகம் விற்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. அதற்கு முன் சூலூர் பக்கம் பருத்தி விவசாயம். கிணறு வற்றிய சமயத்தில், பேப்பர் மில்லுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கழிவுக் காகித பண்டல்களில் படப் புத்தகங்கள் கிடப்பதாகக் கேள்விப்பட்டார். எடைக்கு வாங்கி, பீளமேட்டில் ஒரு பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒவ்வொன்றாக விற்றார். பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்தால் போதும் என்றிருந்த அம்மாக்கள் பேரம்கூடப் பேசவில்லை. பருத்தி ஒருநாளும் தராத லாபம்.

அந்த மழைக்காலத்தில் புத்தகம் அடுக்கிய அறையில் கரையான் ஏறியது. பருத்திக்குத் தூவி மிஞ்சிய பூச்சி மருந்துப் பவுடர் அரை மூட்டை வீட்டுப் பின்னால் கிடந்தது. காளிச்சாமி அதை எடுத்துத் தாளுக்குத் தாள் தூவினார். விற்கும் நாளில் துணியால் தட்டித் துடைத்துக்கொண்டார். கரையான் போயே போய்விட்டது.

பிறகு அறை வாசலில் மேய்ந்த கோழி ஒன்று கழுத்து திருகி விழுந்து கிடந்தது. மனைவி சென்னியம்மாள் அதைக் காட்டிக் கேட்டார்.

"ஏனுங்க, கொழந்தைக கையில குடுக்கறதுங்க இது."

"வெறுங்கையிலயே பத்து வருசம் தூவியிருக்கேன். எனக்கு என்ன ஆயிப்போச்சு?"

"உங்குளுக்கு என்னங்க ஆகும்? நீங்க புக்கைத் திங்கறதில்லையே."

அவர் சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

பள்ளிக்கு எதிர்வீட்டு கெசியா வாரம் தவறாமல் வாங்குபவர். மகன் பிராங்குக்கு இரண்டு வயது. டிசம்பரில் ஒருநாள், விலங்குப் படம் போட்ட கெட்டி அட்டைப் புத்தகத்தை முகர்ந்துவிட்டு, என்ன நெடி இது என்றார். காளிச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

"மருந்து போட்ட புக்குங்க அம்மணி. ஒரு பூச்சி அண்டாது."

அதைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்களும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். அம்மாவின் இடுப்பில் இருந்த பிராங்க் அட்டையின் மூலையை வாயில் வைத்துச் சப்பினான். காளிச்சாமி அதைப் பார்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கெசியாவின் வீடு பூட்டியிருந்தது. குழந்தைக்கு விடாமல் வலிப்பு, என்னத்தைத் தின்றான் என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று பள்ளி வாசலில் பேசிக்கொண்டார்கள். காளிச்சாமி சைக்கிளைத் திருப்பிச் சூலூருக்கே வந்துவிட்டார்.

விஷயத்தைக் கேட்ட சென்னியம்மாள், ஆஸ்பத்திரியில் சொல்லிப்போட்டீங்களா என்றுதான் முதலில் கேட்டார்.

"சொன்னா என்னையத் தூக்கி உள்ள வெச்சுருவாங்க."

"வெக்கட்டும். இன்ன மருந்துன்னு தெரியாம டாக்டர் என்னத்தப் பார்ப்பாரு?"

மருந்தின் பெயர் அச்சடித்திருந்த பக்கத்தை மூட்டையிலிருந்து கத்தரித்து அவர் கையில் திணித்து, பஸ் ஏற்றிவிட்டார்.

டாக்டரிடம் காளிச்சாமி எதையும் மறைக்கவில்லை. பிராங்குக்கு அதற்கான சிகிச்சை தொடங்கியது. இன்னும் எத்தனை பேர் வாங்கினார்கள் என்று டாக்டர் கேட்டார். நாற்பது பேருக்கு மேல் இருக்கும், பெயர் தெரியாது, பள்ளி வாசலில் பார்த்தால் அடையாளம் காட்டிவிடுவேன் என்றார் காளிச்சாமி.

அரையாண்டு விடுமுறைக்காகப் பள்ளியை அன்று மதியமே பூட்டிவிட்டார்கள். இனித் திறப்பது ஜனவரியில்.