பல்லால் போட்ட முடிச்சு

என் ஓர்ப்படி ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு, “இனிமே ஒத்தக் கையில நிப்பீங்க போல” என்று அவளிடமே சொன்னேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். நான் சொன்னதால் சிரித்தாள். ஒரே வீட்டில் அவள் கீழே, நான் மாடியில். இருபத்தொன்பது வருஷமாகச் சண்டை போட்டுச் சலித்துப்போன உறவு எங்களுடையது.

வீட்டுக்கு மூத்த மருமகள் அவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். சுடுகிற வேலை அல்ல, கட்டுகிற வேலை. கேக் பெட்டியை மூடி, நூலை நீளவாட்டில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, மேலே ஒரு பூ முடிச்சு. வாங்க வந்தவர் சட்டைப்பைக்குள் கை விட்டுக் காசு எடுப்பதற்குள் பெட்டி தயாராகிவிடும். வீடு போய்ச் சேரும்வரை அந்த முடிச்சு அசையாது. வீட்டில் குழந்தை நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும். இருபத்தாறு வருஷம் இதையே செய்தாள். அதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டாள். பரிசுப் பெட்டிகளின் கட்டைப் பார்த்து உதட்டைச் சுழிப்பாள்.

எங்கள் சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்தின் வருடாந்தரக் கூடுகைக்கு மேசை அலங்காரமும் அவள் பொறுப்புதான். பதினோரு வருஷமாக. கடையில் வாங்கிய பூ ஒன்றுகூட மேசைமேல் வரக்கூடாது. காலி ஜாம் பாட்டில், சாக்குத்துணி, சணல் கயிறு, காய்ந்த புல், சுள்ளி, இவ்வளவுதான் அவள் சாமான். “என்னக்கா இது, வெங்காய மண்டி மாதிரி இருக்கு” என்று முதல் வருஷம் கேலி செய்தவர்களே, கூட்டம் முடிந்ததும் பாட்டிலைக் கைப்பைக்குள் மறைத்து எடுத்துப் போனார்கள்.

இந்த வருஷம் கமிட்டி கூடிய அன்று அக்கா பிசியோதெரபிக்குப் போயிருந்தாள். செயலாளரை நாங்கள் ஹெச்.எம். அம்மா என்போம். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் எங்களை ஆறாம் வகுப்பாகவே நினைப்பவர். கேள்வி கேட்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றினால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று தெரியாது, பழக்கம் போகவில்லை. அன்றும் கழற்றினார்.

“பாவம், அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம். டெக்கரேஷன்காரரைக் கூப்பிடலாம். சாட்டின் துணி, பிளாஸ்டிக் பூ எல்லாம் அவரே கொண்டுவந்துடுவார். சம்மதம்னா கை தூக்குங்க.”

எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அக்காவுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இன்றைக்கும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் காதுக்கு வந்த மறுநாளே அக்கா ஹெச்.எம். அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கை தூக்கியது அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் போனேன்.

“பதினெட்டு மேசை. மேசைக்கு ரெண்டு பாட்டில். முப்பத்தாறும் நானே கட்டித் தர்றேன்” என்றாள் அக்கா.

“மத்த சபைகள்ல இருந்தெல்லாம் ஆளுங்க வர்றாங்கம்மா. கடைசி நேரத்துல நீங்க கையை விரிச்சிட்டா?”

“கையை விரிக்க முடிஞ்சா நான் எதுக்குங்க டாக்டர்கிட்ட போறேன்?”

ஹெச்.எம். அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு தேதி சொன்னார். கூடுகை சனிக்கிழமை. புதன்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பார். ஒரு பாட்டில் குறைந்தாலும் டெக்கரேஷன்காரர்தான்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா சொன்னாள். “பேக்கரியில வேற பொண்ண வெச்சுட்டாங்க. அது போகட்டும். இதுவும் போச்சுன்னா, அப்புறம் நான் கட்டில்ல படுத்திருக்கிற ஆளு, அவ்வளவுதான்.” பிறகு நிபந்தனை போட்டாள். கழுவலாம், வெட்டலாம், தூக்கலாம். முடிச்சை மட்டும் யாரும் தொடக்கூடாது.

அவள் வீட்டுக்காரர், என் பெரிய அத்தான், லாரி ஓட்டிப் பழகியவர். ஏவிய வேலையைச் செய்கிறேன் என்று சாக்குகளைத் துவைத்தார். துவைத்த தண்ணீர் வாசல்வரை ஓடியது. சுள்ளி பொறுக்கப் போனவர் சுள்ளியோடு ஒரு எறும்புக் கூட்டத்தையும் அழைத்து வந்தார். இரண்டு நாள் வீட்டில் யாரும் தரையில் உட்காரவில்லை. நான் தையற்காரி. என் பங்குக்குச் சாக்கை நாலு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஓரத்தில் இழை பிரித்து, பாட்டில்களில் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

அக்கா பாட்டிலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள். சணலை இடது கையால் மூன்று சுற்றுச் சுற்றி, ஒரு நுனியை இடது கடைவாயில் கடித்துக்கொண்டு, மறு நுனியைக் கையால் இழுப்பாள். அதன்பின் பெருவிரலும் பல்லும் நாக்கும் சேர்ந்து ஏதோ செய்யும். எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. முதல் நாள் ஒரு பாட்டிலுக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. கட்டி முடித்துக் கீழே வைத்ததும் பூ முடிச்சு வழுக்கி விழுந்தது. அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வாயிலிருந்த சணல் நாரைத் துப்பிவிட்டு, “அந்தப் பாட்டிலை இப்படிக் கொடுங்க” என்றாள்.

முதல் வாரம் ஆறு. இரண்டாவது வாரம் பதின்மூன்று. திங்கட்கிழமை மத்தியானம் எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பதுதான் இருந்தது. இன்னும் பதினேழு. மேலுதடு ஒரு பக்கம் உரிந்து சிவந்திருந்தது. சாப்பாட்டில் காரம் பட்டால் கண்ணீர் வந்தது. அன்று பிசியோதெரபிக்கு வேறு போக வேண்டும். அங்கே தினம் ஒரே பயிற்சி: வலது கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கையை மேலே தூக்க வேண்டும். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் அது தாண்டவில்லை.

அக்காவும் அத்தானும் கிளம்பியதும் நான் கீழே இறங்கி வந்தேன். மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு பாட்டில் கட்டினேன். அச்சு அசல் அவள் கட்டு மாதிரியே இருந்தது. அவளுடையவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்தும் வைத்தேன். தையற்காரி கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குள் ஒரு மிதப்பு.

அக்கா வந்தாள். உட்கார்ந்தாள். ஒரு பாட்டிலை எடுத்தாள். கயிற்றின் நுனியைப் பெருவிரலால் தடவினாள்.

“இதுல பல்லே படலையே” என்றாள்.

முப்பத்தொரு பாட்டில்களில் என்னுடைய பன்னிரண்டையும் ஒன்றுகூடத் தப்பாமல் பொறுக்கி ஒதுக்கினாள். அத்தானிடம் கத்தரிக்கோல் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக வெட்டினாள்.

“உங்களுக்காகத்தானே செஞ்சேன்! நாளன்னிக்கு அந்தம்மா வந்து எண்ணும்போது என்ன பண்ணுவீங்க?” என்று கத்தினேன்.

“எனக்காகத்தான் கமிட்டியிலயும் கை தூக்கினியா?”

வெட்டிய கயிற்றைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். “எப்போ தெரியும்?”

“மறுநாளே தெரியும்.”

“அப்பவே கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டா நீ அழுதுட்டு மாடிக்குப் போயிருவே. அப்புறம் சாக்கை யாரு வெட்டுறது?”

நான் அழுதுகொண்டு மாடிக்குப் போனேன். அவள் சொன்னபடியே நடக்கிறேன் என்று ஆத்திரம் வேறு. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உதவி செய்தவளைத் திருடியைப் போல நிற்க வைத்துவிட்டாளே என்று இருந்தது. பிறகு அவள் உதடு ஞாபகம் வந்தது. அத்தனை ரணத்தையும் வைத்துக்கொண்டு கட்டிய பத்தொன்பதுக்கு நடுவில், நோகாமல் கட்டிய பன்னிரண்டைக் கலந்து வைத்தது நான். அந்தப் பன்னிரண்டும் அப்படியே இருந்திருந்தால், முப்பத்தாறும் முடிந்த பிறகுகூட அவளால் தலைநிமிர்ந்து நின்றிருக்க முடியாது. வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் வெட்டிப்போட்ட பழைய பருத்தித் துணியை எடுத்தேன். பதினேழு சணல் துண்டுகளின் ஒரு நுனியில் மட்டும், கடிக்கிற இடத்தில், மெத்தென்று துணி சுற்றி மெஷினில் அடித்தேன். கட்டி முடித்ததும் அதை நறுக்கிவிடலாம். கீழே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

“முடிச்சை நான் தொடலை” என்றேன்.

அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். இழுத்துப் பார்த்தாள். “இதை ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்கக் கூடாதா? எங்க வைப்பே மூளையை?” என்றாள். அவள் அகராதியில் அது நன்றி.

உதடு நோகாததால் கை வேகம் பிடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் இன்னும் இரண்டுதான் பாக்கி. முழங்கால் நடுங்குகிறது என்று அத்தான் பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலை ஹெச்.எம். அம்மா சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். பாட்டில்களை எண்ணினார். முப்பத்து நாலு. மறுபடியும் எண்ணினார்.

“ரெண்டு குறையுதே?”

“உக்காருங்க” என்றாள் அக்கா. முப்பத்தைந்தாவது பாட்டில் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது.

அவர் உட்கார்ந்தார். பார்த்தார். நடுவில் பாட்டில் கொஞ்சம் சரிந்தது. பதறிப்போய்ப் பிடிக்கக் கை நீட்டினார். “தொடாதீங்கம்மா” என்று அக்கா வாயில் கயிற்றோடு உறுமினாள். காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைபோல அவர் கையை மடியில் கட்டிக்கொண்டார். இரண்டும் முடிய அரை மணி நேரம் ஆனது. கடைசி முடிச்சின் நுனியை நறுக்கியதும் ஹெச்.எம். அம்மா எழுந்து வாசலுக்குப் போய், டெக்கரேஷன்காரருக்கு போன் போட்டார். “வர வேண்டாம்ப்பா. ஆள் இருக்காங்க” என்று அவர் சொன்னது உள்ளே எங்களுக்கும் கேட்டது.

சனிக்கிழமை பதினெட்டு மேசையிலும் முப்பத்தாறு பாட்டில்கள் நின்றன. காய்ந்த புல்லும் சுள்ளியும் அதனதன் இடத்தில் இருந்தன, எறும்பு இல்லை. வேறு சபையிலிருந்து வந்த ஒருத்தி முடிச்சைத் தொட்டுப் பார்த்து, “எந்தக் கடையில வாங்கினீங்க?” என்று கேட்டாள். அக்கா அந்தக் கேள்வியை முழுசாக அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி ஜெபத்துக்கு முன்னால் அடுத்த வருஷப் பொறுப்புகளைப் பிரிப்பது எங்கள் வழக்கம். ஹெச்.எம். அம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றினார். சமையல், பாட்டு, வரவேற்பு என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“அலங்காரம்? யார் எடுத்துக்கிறீங்க? கை தூக்குங்க.”

நான் பக்கத்தில் இருந்த அக்காவைப் பார்த்தேன். இடது கை சும்மாதான் மடியில் கிடந்தது. அதை அவள் தூக்கவில்லை. மேசைமேல் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த வலது கையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. அந்தக் கை மேசையை விட்டுக் கிளம்பியது. இரண்டு விரல் உயரம். மூன்று. நாலு. அங்கேயே நின்று நடுங்கியது.

“யாரும் இல்லையா? அப்போ...” என்றார் ஹெச்.எம். அம்மா.

நான் எழுந்து நின்றேன். “கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்கம்மா. இங்க கை தூக்கியிருக்கு.”

அவர் கண்ணாடியைப் போட்டார். எங்கள் மேசையைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் குனிந்தார். நோட்டில் தன் பெயரை அவர் எழுதி முடிக்கும்வரை அக்கா அந்தக் கையை இறக்கவில்லை.