கோப்பைகளுக்குப் பின்னால் இருந்த வெடிப்பு

பெரிய கோப்பையின் மூடி தானாக 'டிங்' என்றபோது நான் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விடாத மழைக்கு அது மூன்றாம் நாள். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ரோட்டில் போகிற அதிர்வு என்று நினைத்தேன். பிறகுதான் யோசனை வந்தது: எங்கள் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவன் நான். நானோ இங்கே கருவாட்டில் முள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோப்பை லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த மென்பந்துப் போட்டியில் கிடைத்தது. எதிரணிக்குக் கடைசி ஓவரில் ஐந்து ஓட்டம் வேண்டும், பந்து என் கையில். இருபத்திரண்டு வருடமாக எங்கள் அணியில் என் வேலை அதுதான். முதல் ஓவரை ஒரு நாளும் எனக்குத் தந்ததில்லை. மற்றவர்கள் வாங்க வேண்டிய அடியெல்லாம் வாங்கி முடித்து, மலையில் மூடுபனி இறங்கி, பந்து ஊறிக் கனத்துப்போன பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். "இப்ப நீ போ" என்பார்கள். தூக்குமேடைக்குப் போகிறவனிடம்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள்.

ஒவ்வொரு கடைசி ஓவருக்கு முன்னாலும் நான் தேயிலைக்குள் ஒதுங்கிவிட்டுத்தான் வருவேன். அடிக்கிறவனைக் காக்க வைத்துக் குழப்புகிற தந்திரம் என்று ஊரெல்லாம் பேச்சு. அது வயிறு என்று எனக்கும் அந்தத் தேயிலைச் செடிக்கும் மட்டும் தெரியும். வந்து நின்று, நடுங்குகிற முழங்காலை மறைக்க அடிக்கிறவனிடம் வாயைக் கொடுப்பேன். அவன் சிரிப்பான் அல்லது முறைப்பான். எதுவானாலும் முழங்காலைப் பார்க்கமாட்டான். மறைக்கிற தொழில் அங்கே படித்ததுதான்.

அந்தத் தொழிலில் சேர்ந்ததெல்லாம் ஆறு வீடு ஒட்டி நிற்கிற எங்கள் லயத்தில், என் காம்பராவின் பின்சுவரில் இருந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் பதினொரு கோப்பைகள். அதன் பக்கத்து ஆணியில் தோள் கிழிந்த மஞ்சள் சட்டை. தோள்பட்டை இறங்கிப்போன வருடம் கட்டிக்கொண்டு விளையாடிய எலாஸ்டிக் பட்டி. ஒரு கண்ணாடிப் போத்தல் நிறையப் பந்துகள், ஒவ்வொன்றிலும் பேனையால் ஊர்ப் பெயர். வலப்பனையில் ஆட்ட நாயகனுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கதிரையில்தான் நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில், பெரிய சட்டம் போட்ட அணிப் படம். அதில் நான் ஓரத்தில் பாதி முகமாக நிற்கிறேன். கடைசி ஓவர்காரனுக்குப் படத்திலும் கடைசி இடம்தான்.

அந்தப் படம் முன்பு முன்சுவரில் இருந்தது. பின்சுவருக்கு அது வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வந்த காரணம்தான் என்னைச் சோற்றிலிருந்து கையை எடுக்க வைத்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மண்சரிவு ஆபத்து பார்க்கிற அதிகாரி ஒருவர் மறுநாள் வருகிறார் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் சொன்னார்கள். லயத்தைப் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாசலைக் கூட்டிக் கோலம் போடுவது, புகைக் கறையில் வெள்ளை பூசுவது, ஓட்டையை அடைப்பது, தலைவாரி நிற்பது. துரைமார் லயம் பார்க்க வந்த காலத்திலிருந்து கைக்கு வந்த பழக்கம். வருகிற மனிதர் ஓட்டையைப் பார்க்கத்தான் வருகிறார் என்பது ஆறு காம்பராவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பொய். ஒருவருக்கு உறைத்தது. என் மனைவிக்கு.

என் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. தலைமுடி அளவுதான். அதன் மேல் படத்தை மாட்ட நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, அதப் பாக்கத்தானே அந்த ஐயா வர்றாரு?"

"வீட்டுக்கு வர்ற மனுசன் மொதல்ல கிழிசலத்தான் பாக்கணுமா? எனக்குன்னு ஒரு கௌரவம் இல்ல?"

"ஒங்க கௌரவத்த நான் கல்யாணத்தன்னிக்கே பாத்துட்டேன்."

படத்துக்குக் கீழே மிச்சம் தெரிந்த வெடிப்புக்கு அலுமாரியை நகர்த்தி வைத்தேன். மறுநாள் வந்த அதிகாரி கோப்பைகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவரும் பள்ளிக்கூட நாளில் விளையாடியவராம். சுவரில் வெடிப்பு ஏதும் உண்டா என்று சிங்களத்தில் கேட்டார். "என்னால உடைஞ்சது விக்கெட் மட்டும்தான் சேர்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். தேத்தண்ணி குடித்தார். எங்கள் லயத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதிக்கொண்டு போனார். நான் வீசியதிலேயே நல்ல பந்து அதுதான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது மூடி இரண்டாவது தடவையாக 'டிங்' என்றது. எழுந்து பார்த்தேன். பதினொரு கோப்பைகளும் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சாய்ந்திருந்தன.

கையைக் கழுவாமலே படத்தைக் கழற்றினேன். வெடிப்பு வாயைத் திறந்திருந்தது. பந்து பிடிக்கிற இரண்டு விரலையும் உள்ளே விட்டேன். முழுசாகப் போயின. அந்தப் பக்கம் ஈரமும் குளிர்ந்த காற்றும் இருந்தன. போத்தலிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்தேன். நான் உருட்டவில்லை. அது மெதுவாகக் கிளம்பி, பாயைத் தாண்டி, வாசற்படியில் போய் நின்றது. அவ்வளவு மெதுவான பந்தை நான் என் வாழ்நாளில் வீசியதில்லை.

மனைவி பந்தையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். "போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். அவள் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

நான் முதலில் போனது கக்கூசுக்கு. பழக்கம்.

பிறகு கடைசிக் காம்பரா மாமாவிடம் ஓடினேன். கொழுந்து நிறுக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், லயத்தில் அவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். போன வருடம் ஒரு சடங்கு வீட்டில் 'சிறுத்தை' என்று கத்தி அத்தனை பேரையும் கதவடைக்க வைத்தவன் நான். அந்தக் கணக்கை அவர் மறந்திருக்கவில்லை.

"என்னடா மூச்சு வாங்குது? இன்னிக்கி யானையா?"

"சொவரு மாமா. எல்லாரும் வெளியேறணும்."

"மழைக்கு நல்லா இருக்குடா ஒங் கத. உள்ள வந்து உக்காந்து சொல்லு."

சிரிக்க வைக்கிற அடுத்த பகிடி எனக்கு வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். அவர் வெடிப்புக்குள் விரலை விட்டார். எடுத்து, ஒட்டிய மண்ணைப் பார்த்தார்.

"அன்னிக்கி அந்த ஐயாவுக்கு நீ இதக் காட்டலையா?"

"மேல போட்டோவ மாட்டிட்டேன் மாமா."

அவர் என்னைத் திட்டவில்லை. மழையில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனார்.

நான் கிராம சேவகருக்குப் போன் எடுத்து, அன்று அந்த அதிகாரியிடம் நான் சொன்னது பொய், வெடிப்பு இருந்தது, மறைத்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன். சிங்களத்தில் எனக்குப் பகிடி நன்றாக வரும். இதைச் சொல்லத்தான் சொற்கள் அகப்படவில்லை. அவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். இருபத்தொன்பது என்றேன். உடனே எல்லாரும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போங்கள் என்றார்.

மனைவி அடையாள அட்டைகளையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டாள். "நீங்க எடுக்க வேண்டியத எடுங்க" என்றாள். அலுமாரிக் கதவைத் திறந்தால் அத்தனையும் என் மேல் விழும். வாசற்படியில் நின்ற பந்தை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலைத் தேத்தண்ணி நேரத்தில் லயத்துக்குப் பின்னால் இருந்த மலை மூன்று காம்பராவை வாரிக்கொண்டு இறங்கியது. நடுவில் இருந்தது என்னுடையது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, சாக்கிலிருந்து கொழுந்தைக் கொட்டுகிற மாதிரித்தான் கேட்டது. உள்ளே ஒருவரும் இல்லை. மண்டபத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது அடுத்த காம்பராக்காரன், "அண்ணே, ஒங்க கப்பெல்லாம் இப்ப ஆத்துக்கு வெளாடப் போயிருக்கும்" என்றான். அவன் காம்பராவும் அதோடுதான் போயிருந்தது. நான் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பந்தைப் பிடித்துக்கொண்டேன்.

மண்டபத்துக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. காலையில் எழுந்ததும் பந்தை எடுத்து மண்டபத்துத் தரையில் வைக்கிறேன். முதல் நாள் நான் மட்டும்தான் பார்த்தேன். இப்போது மாமாவும் பெண்களும் பாயில் எழுந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். இன்று காலைவரை அது நகரவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் மலைதான் இருக்கிறது.