உளுத்த கட்டையின் மேல்

தெருமுனையில் உளுத்துக் கிடந்த சவுக்குக் கட்டையை வெட்ட ஆள் வந்தார். அதன்மேல் ஆரஞ்சு வண்டு ஒன்று ஊர்ந்தது. இறக்கை முழுக்க வலைக்கண் போன்ற வரிகள்.

சின்ன வயதில், பழவேற்காட்டுக் கொல்லையில் கிடந்த கட்டுமரத் துண்டில் இதே வண்டு. எங்கள் கோழி கொத்திய வேகத்தில் துப்பிவிட்டு அலகை மணலில் தேய்த்தது.

"வெசப் பூச்சி. கட்டையோட கொளுத்திட்றேன்" என்று மண்ணெண்ணெயோடு வந்தார் அப்பா.

அந்த ஈரக் கட்டைக்குள் புழு வண்டாக மாறியதை நான் பார்த்திருந்தேன். மேலே ஏறி உட்கார்ந்தேன்.

"எழுந்திருடி. அதுல இன்னா இருக்குது?"

"அதோட குஞ்சுங்க, நைனா. தின்னாதான் வெசம்."

வெயில் ஏறியும் நான் இறங்கவில்லை. நண்டுக் குழம்பு ஊற்றிய சோற்றை அவரே அங்கே கொண்டுவந்து கொடுத்தார்.

"எழுந்திருங்கம்மா, வெட்டணும்" என்கிறார் கோடாலிக்காரர். சோறு கொண்டுவர நைனா இல்லை. உட்கார்ந்துதான் இருக்கிறேன்.