கோடி தாண்டிய கட்லா

இருதயசாமிக்குத் தொழில் பட்டு நெசவு. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் அவர் வாயில் வருவதெல்லாம் மீன்தான். மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். ஈரத்தில் பாவு நூல் தொய்ந்துவிடும். ஆரணி முதலாளியே 'கொஞ்ச நாள் நிறுத்துப்பா' என்று சொல்லிவிடுவார். தெருவில் நாங்கள் எல்லாரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்போம். அவர் மட்டும் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்.

திரும்பி வந்ததும் வீடு வீடாக நின்று சேதி சொல்லுவார்.

"செந்தண்ணி எறங்கிடுச்சி. ரெண்டு நாளிக்கி யாரும் தூண்டி போடாதீங்க. மீனுக்குக் கண்ணு தெரியாது."

"காத்து வாடையில திரும்பிகிச்சி. விரால் எல்லாம் கோரையில பூந்துகினு இருக்கும். இப்பப் போனா சேறுதான் கெடைக்கும்."

சரி, நீங்கள் என்ன பிடித்தீர்கள் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். "நான் மீன் புடிக்கப் போவல. நெலவரம் பாக்கப் போனேன்" என்பார். அவர் கையில் ஒரு குறவைக் குஞ்சைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னால் ஊரே கேட்கும், நானும் கேட்டேன். கேட்டுத்தான் என் கொசுவலையைப் பறிகொடுத்தேன்.

எழுபத்தேழாம் வருஷம் ஆடியிலேயே ஏரிக்குப் பாதித் தண்ணீர் வந்துவிட்டது. ஊர்ப் பொதுவில் பணம் போட்டுக் கட்லா மீன் குஞ்சு விடலாம் என்று முடிவானது. சாத்தனூர் வரை போய் வாங்கிவந்தவர் இருதயசாமி. காற்றடைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாராம். கண்டக்டர் லக்கேஜ் கேட்டதற்கு, "கைக்கொழந்தைக்கு டிக்கெட் உண்டாய்யா?" என்று போளூர் வரைக்கும் சண்டை. குஞ்சுகளை ஏரியில் விட்டபிறகும் அந்தப் பாசம் குறையவில்லை. தினமும் தவிடு கொண்டுபோய்த் தூவுவார்.

அவர் மனைவி சூசைமேரிக்கு இதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். "கட்டிக் குடுத்த பொண்ணு வாயும் வயிறுமா இருக்கிறா. ஒரு தபா போய்ப் பாக்க நேரமில்ல, மீனுக்குத் தவுடு போட மட்டும் நேரம் இருக்குது" என்பாள். அவர்களுக்கு ஒரே பெண், சகாயமேரி. கீழ்க்குப்பம் தாவீதின் மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடத்தைக் கோடி என்போம். கோடியில் வழிகிற தண்ணீர் நேராகப் போய்ச் சேருகிற இடம் அந்தக் கீழ்க்குப்பத்து ஏரிதான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. கோடி போகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மீன் போய்விடுமே என்று கவலைப்பட்டோம்.

"கட்லா ஆழத்து மீனு. கோடிப் பக்கமே வராது" என்றார் இருதயசாமி. பிறகு கொஞ்சம் யோசித்து, "எதுக்கும் ஒரு வலை கட்டிடலாம்" என்றார். என் கல்யாணத்துக்கு மைத்துனன் வேலூரிலிருந்து வாங்கிவந்த கொசுவலை அவர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. நாலு மூங்கில் நட்டு அதைக் கோடியின் குறுக்கே கட்டினார்.

வந்த வெள்ளம் நின்ற வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போயிற்று என்பார்கள். இந்த வெள்ளம் கூடவே கட்லாவையும் மூங்கிலையும் என் கொசுவலையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போயிற்று. காலையில் பார்த்தால் கோடியில் தண்ணீர் மட்டும் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

இருதயசாமி ஊரையே திரட்டிக்கொண்டு கீழ்க்குப்பத்துக் கால்வாய்க்குப் போனார். அங்கே திருவிழாக் கூட்டம். கூடையும் வேட்டியும் வைத்து ஆளாளுக்கு மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றவர் சம்பந்தி தாவீதேதான். இரண்டு கையிலும் கட்லா.

"சம்பந்தி, அது எங்க ஊரு மீனு. மரியாதையா ஏரியில திருப்பி வுடுங்க."

"வாங்க சம்பந்தி. மீனு மேல உங்க ஊரு பேரு எழுதிகினா கீது?"

"சுத்துவட்டாரத்துல கட்லா வுட்டது நாங்க மட்டுந்தான்!"

"நாங்க இன்னா கூப்புட்டமா? தானா வந்துச்சி. வந்தவங்கள வாங்கன்னு சொல்றதுதான் எங்க ஊரு பழக்கம்."

கால்வாயே சிரித்தது. எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். இருதயசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "இனிமே இந்தக் கீழ்க்குப்பத்து மீனு ஒரு துண்டு என் வாயில பட்டுதுன்னா நான் இருதயசாமி இல்ல!" என்று கத்திவிட்டு வந்துவிட்டார். மற்றவர் சத்தியம் காற்றோடு போகும். அவர் சிலுவை போட்டுச் சொன்னால் மாற மாட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும். கார்த்திகை கடைசியில் சகாயமேரிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். அழைக்கப் போகிறவர்கள் சம்பந்தி வீட்டில் கை நனைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். இருதயசாமி மழை விடட்டும் என்றார், பாவு முடியட்டும் என்றார். சூசைமேரி சமைப்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் தாவீதிடமிருந்து சேதி வந்தது, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று. இருதயசாமிக்கு ஒரே சந்தோஷம். கிறிஸ்தவ வீடுகளில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது, சாம்பாரோடு தப்பித்துவிடலாம். கறி கூடாத நாளெல்லாம் மீனிலேயே காலம் தள்ளுகிற வீடு அவருடையது. ஆனாலும் கோபம் மனுஷன் கண்ணை அப்படி மறைத்திருந்தது.

நானும் கூடப் போனேன். பெண்ணை அழைக்க என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் கொசுவலையைத் தேடித்தான். வாசலில் நுழைந்ததுமே அகப்பட்டது. சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். சரி, சாப்பிட்டு முடித்துக் கேட்போம் என்று உட்கார்ந்தேன்.

இலை போட்டார்கள். சோறு வந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு சகாயமேரியே குழம்புச் சட்டியோடு வந்தாள். பெரிய கட்லாத் தலை ஒன்று இருதயசாமியின் இலையில் விழுந்து அவரையே பார்த்தது.

"சம்பந்தி, இன்னா இது?"

"வெள்ளிக்கெழமையாச்சே. கறி போட முடியுமா?" என்றார் தாவீது. முகத்தில் ஒன்றுமறியாத பாவம்.

இருதயசாமி கையை மடியில் வைத்துக்கொண்டார். "சிலுவை போட்டுச் சொல்லிகீறன். என்னால முடியாது."

தாவீதின் முகம் மாறிவிட்டது. "கை நனைக்காம கூட்டிகினு போவணும்னா, பொண்ணு இங்கயே பெத்துக்கட்டும்." சூசைமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சகாயமேரி சட்டியைக் கீழே வைத்தாள்.

"நைனா, மீனு போனவொடனே ஊரையே கூட்டிகினு கால்வாய்க்கு ஓடியாந்தீங்களே. அங்கேர்ந்து இந்த வூடு கூப்புடு தூரம். நீங்க வந்துகினு கீறீங்கன்னு சொன்னாங்க. நான் தலை வாரிகினு வாசல்ல நின்னேன். நீங்க மீனுக்குத்தான் சண்ட போட்டுட்டுப் போயிட்டீங்க."

  அன்றைக்கு அந்தக் கால்வாயில் நானும் நின்று கொசுவலையைத்தானே தேடிக்கொண்டிருந்தேன். இருதயசாமி இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "இந்தக் கொழம்புக்குப் புளி யாரும்மா கரைச்சது?" என்றார்.

"நான்தான்."

"மீனு யாரு கழுவனது?"

"அதுவும் நான்தான்."

அவர் நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார். "மீனு எங்க ஏரியுது. கொழம்பு எங்க பொண்ணு வெச்சது. இதுல கீழ்க்குப்பத்துது இன்னா கீது?"

"எல எங்குளுது சம்பந்தி" என்றார் தாவீது.

"எலய நான் தின்னப் போறதில்ல" என்று சொல்லிவிட்டு இருதயசாமி சோற்றைப் பிசைந்தார். தலையை ஒரு எலும்பு விடாமல் உறிஞ்சினார். இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது சகாயமேரி அவர் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ஊற்றினாள். சாயங்காலம் பஸ்ஸில் மகளுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்து, வழியெல்லாம் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொசுவலை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பிள்ளைக்குத் தூளிமேல் போடலாம் என்று அதைத்தான் அந்தப் பையில் மடித்து வைத்திருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் சகாயமேரி குழந்தையோடு கீழ்க்குப்பம் திரும்பினாள். அடுத்த ஆடியில் மறுபடியும் ஊர்ப் பொதுவில் கட்லா விட்டோம். ஐப்பசியில் மறுபடியும் ஏரி நிரம்பியது. இந்த முறை நாங்கள் கெட்டியான கயிற்று வலையே வாங்கி வைத்திருந்தோம். அதைச் சுமந்துகொண்டு போனால், கோடியில் இருதயசாமி கோணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். எதிரே கட்லாக்கள் ஒவ்வொன்றாகத் துள்ளித் துள்ளித் தாண்டிக்கொண்டிருந்தன. மனுஷன் கையைக்கூட அசைக்கவில்லை.

"இன்னாய்யா பாத்துகினு உக்காந்துகீற? ஊரு மீனு போவுதுய்யா! ஜல்தியா எழுந்து வலையப் புடி!" என்று கத்தினேன். நானும் அதில் பங்கு போட்டவன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போவட்டும் வுடு. கீழ்க்குப்பத்துல எம் பேத்திக்குப் பல்லு மொளச்சிடுச்சி."