விட்டு விட்டு அரைக்கணும்

முதல்ல சத்தம்தான் வரும்... அப்புறம்தான் வாசனை.

காலையில அம்மா காபிக் கொட்டை அரைக்கிறப்போ ஜன்னல் கம்பி கூட லேசா அதிரும். மாடி வீட்டு அக்கா அங்கிருந்தே குரல் கொடுப்பாங்க. "என்னக்கா, விடிஞ்சதும் பிளேனைக் கிளப்பியாச்சா?"

அம்மா விடமாட்டாங்க. "உனக்கும் ஒரு சீட் போட்டு வெச்சிருக்கேன். டம்ளரை எடுத்துக்கிட்டு இறங்கி வா."

ஸ்ரீரங்கத்துல எங்களுக்கு ரெண்டு ரூம் வீடு. அந்த கிரைண்டர் ரொம்பச் சின்னது, ஒரு சொம்பு உயரம்தான். மலைக்கோட்டைக்குக் கீழ அப்பா வேலை பார்க்கிற ஜவுளிக்கடையில ஒரு தீபாவளிக்குக் கொடுத்தது. மூடியை மேலிருந்து அழுத்தினா ஓடும். கையை எடுத்தா நின்னுடும்.

கொட்டையை சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல வறுத்தது வாங்குவோம். அரைச்சுத் தரவான்னு கடைக்காரர் கேப்பார். "வேணாங்க. பஸ்ல வர்றவங்களே மோந்து முடிச்சிட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்?"னு அம்மா சொல்லுவாங்க.

மிளகு, சீரகம் அரைக்கிறதும் அதுலயேதான். அரைச்சு முடிச்சதும் ஒரு பிடி பச்சரிசி போட்டு ஓட்டணும். வாசனையை எல்லாம் அரிசி இழுத்துக்கும். அந்த மாவுதான் மறுநாள் வாசல்ல கோலம். ஒரு தடவை நான் அரிசி போட மறந்து, மிளகு வாசத்தோடயே காபியை அரைச்சுட்டேன். அப்பா ஒரு வாய் குடிச்சார். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தார். அப்புறம் "சளிக்கு நல்லதுதான்"னு மிச்சத்தையும் குடிச்சிட்டுக் கிளம்பிட்டார். அம்மா அன்னிக்கு முழுக்க நினைச்சு நினைச்சு சிரிச்சாங்க.

நான் அதிகம் பேச மாட்டேன். கிளாஸ்ல பேர் கூப்பிட்டா நான் பதில் சொல்றது முன் பெஞ்சுக்குக் கூட கேட்காது. வீட்டுலயும் அப்படித்தான். ஆனா கிரைண்டர் ஓடுறப்போ மட்டும் பேசுவேன். அந்தச் சத்தத்துக்கு அடியில எதை வேணா சொல்லலாம்...

கணக்கு சுத்தமா புரியலைம்மா.
மதியம் என்கூட உட்கார்ந்து சாப்பிட யாருமே இல்லம்மா.

அம்மா டக்குன்னு கையை எடுத்துடுவாங்க. சத்தம் நின்னுடும். என் குரல் மட்டும் அடுப்படி நடுவுல தனியா நிக்கும்.

"யாருமே இல்லையா? ஏண்டி?"

"ஒண்ணுமில்ல. நீ அரை."

"இதை விட்டு விட்டுத்தான் அரைக்கணும் பாப்பா. அழுத்திப் பிடிச்சா சூடேறி வாசனை போயிடும், மோட்டாரும் போயிடும். அது ஆறட்டும், நீ சொல்லு."

ரொம்ப நாள் அது மோட்டாருக்காகத்தான்னு நம்பிட்டிருந்தேன்.

நான் பிளஸ் ஒன் படிக்கிறப்போ அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு, யாரையும் அடையாளம் தெரியுற மாதிரியும் இல்ல. அப்பா கடைக்குப் போகாம முடியாது, அம்மாவைத் தனியா விடவும் முடியாது. ஸ்கூலை நிறுத்துன்னு யாரும் என்கிட்ட சொல்லலை. ஒரு திங்கட்கிழமை நான் யூனிஃபார்ம் போடலை. அப்பா பார்த்தார்... செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.

"அவங்ககிட்ட பேசிக்கிட்டே இரும்மா. பழகின சத்தம், பழகின வாசனை எல்லாம் அவங்களைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொண்டு வரலாம்"னு ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டர் சொன்னாங்க.

பேசிக்கிட்டே இருக்கணுமாம். அதுவும் நான். எனக்குத் தெரிஞ்சது ஒரே வழிதான்.

கிரைண்டரை அம்மா கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல் மேல வெச்சு அரைச்சேன். முதல் நாள் சத்தம் கேட்டதுமே அம்மா கண்ணு என் பக்கம் திரும்புச்சு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படி எழுதுறதுன்னு தெரியல. அப்பா வந்ததும் வாசலுக்கே ஓடிப் போய்ச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மாடியில அக்கா எதையோ கீழே போட்டுட்டாங்க. பெரிய சத்தம். அதுக்கும் அம்மா கண்ணு அதே மாதிரிதான் திரும்புச்சு.

இதை மட்டும் அப்பாகிட்ட நான் சொல்லலை.

ரெண்டு வருஷம் ஓடிடுச்சு, அம்மா பேசவே இல்ல. அப்புறம்தான் வேணும்னே தப்பா அரைக்க ஆரம்பிச்சேன். மூடியை அழுத்திப் பிடிச்சு, விடாம. நான் தப்பு பண்றதைப் பார்த்துக்கிட்டு அம்மாவால சும்மா இருக்க முடியாது. ஒரு திட்டு வந்தா போதும்... "விட்டு"ன்னு பாதி வார்த்தை வந்தா கூடப் போதும்.

ஒரு நாள் காலையில அழுத்திக்கிட்டே பேசினேன். என்கூட படிச்சவங்க எல்லாம் காலேஜ் பஸ்ல போறாங்கம்மா. மூலைக்கடையில என்னைப் பார்த்தா என்ன பேசுறதுன்னு தெரியாம சிரிக்கிறாங்கம்மா. எனக்கும் படிக்கணும்மா. நீ எந்திரிச்சிடு... எந்திரிச்சிடும்மா...

கொட்டை கருகுற வாசனை வந்துச்சு. கையை எடுக்க எனக்கு மனசு வரலை. அம்மாதானே நிறுத்தணும்.

அப்புறம் ஒயர் எரியுற நாத்தம். ஓரமா புகை. தானாவே நின்னுடுச்சு. "படிக்கணும்மா"ன்னு நான் கத்தினது மட்டும் ரூம் முழுக்கக் கேட்டுச்சு.

அப்பா குளிச்சிட்டு ஈரத் துண்டோட கதவுகிட்ட நின்னார். எவ்வளவு நேரமா நின்னார்னு தெரியல. வந்து பிளக்கைப் பிடுங்கினார். சூட்டோட மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்ன பாப்பா இது... உங்கம்மா இருந்தா இந்நேரம் திட்டித் தீர்த்திருப்பா."

ஒரு கை தூரத்துல அம்மா கண்ணைத் திறந்துக்கிட்டுப் படுத்திருந்தாங்க.

மோட்டார் எரிஞ்சுடுச்சு, சரி பண்றதுக்குப் பதிலா புதுசே வாங்கிடுங்கன்னு ரிப்பேர் கடையில சொல்லிட்டாங்க. அப்பா புதுசு வாங்கலை, நானும் கேட்கலை. இப்போ பாக்கெட் தூள்தான். கோல மாவும் கடையில வாங்குறதுதான், அதுல எந்த வாசனையும் இல்ல. மாடி அக்கா ஒரு நாள் படியில நின்னு, "ஏண்டி, உங்க பிளேன் ஓடுறதே இல்லையா?"ன்னு கேட்டாங்க. தலையை மட்டும் ஆட்டினேன். அவங்க அப்படியே படியிலேயே உட்கார்ந்துட்டாங்க.

அப்போ நான் சொல்றதைக் கேட்க அம்மா சத்தத்தை நிறுத்துவாங்க.

இப்போ எங்க வீட்டுல காலையில சத்தமே இல்ல. என்ன சொன்னாலும் தெளிவா கேட்கும்...

எனக்குத்தான் வாய் வரலை.